வினிகர் தெளித்தும் சுவரில் திரும்பி வரும் பூஞ்சை

வாசகர் கேள்வி: ஐயா, மேற்குத் தாம்பரத்தில் என் மாமனார் 1994-இல் கட்டிய தனி வீட்டில் குடியிருக்கிறோம். ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி மழை தொடங்கியதும் வடக்குப் பக்கப் படுக்கையறையில் பீரோவுக்குப் பின்னால் கரும்புள்ளிகள் படர்கின்றன. அதே அறையில் குளியலறையை ஒட்டிய சுவரின் அடிப்பகுதியில் பெயிண்ட் உப்பி, வெள்ளையாகப் பொடி உதிர்கிறது. ஒரு காணொளியைப் பார்த்து வினிகர் தெளித்துத் துடைத்தேன். புள்ளிகள் மறைந்தன, பதினைந்து நாளில் அதே இடத்தில் திரும்பி வந்துவிட்டன. வினிகருடன் ப்ளீச்சிங் பவுடரைக் கலந்து அடித்தால் திரும்பி வராது என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. சுரண்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்தால் போதும் என்கிறார் பெயிண்டர். சாமான் அறையில் சுண்ணாம்பு அடித்த சுவரும் கடப்பா கல் தட்டுகளும் இருக்கின்றன. அங்கும் பூசணம் பிடித்திருக்கிறது. மாமியாருக்கு 71 வயது, வீசிங் உண்டு. மூன்றாம் வகுப்பு படிக்கும் மகனும் பாட்டியுடன் அந்த அறையில்தான் படுக்கிறான். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

மற்ற எல்லாவற்றையும் விட முதலில் சொல்ல வேண்டியது, பக்கத்து வீட்டு அக்காவின் யோசனையைப் பற்றி. வினிகரையும் ப்ளீச்சிங் பவுடரையும் எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். ப்ளீச்சிங் பவுடரில் இருப்பது ஹைப்போகுளோரைட். அதன்மேல் எந்த அமிலம் பட்டாலும் குளோரின் வாயு வெளியேறும். கடைகளில் திரவமாகக் கிடைக்கும் ப்ளீச்சுக்கும் இது பொருந்தும். அடைத்த அறையில் அந்த வாயுவைச் சில நிமிடம் சுவாசித்தாலே கண் எரிந்து, தொண்டை கமறி, மூச்சு திணறும். வீசிங் உள்ள உங்கள் மாமியாருக்கு அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஒரே பாத்திரத்தில் கலக்காவிட்டாலும், காலையில் ப்ளீச் போட்ட சுவரில் மாலையில் வினிகர் தெளித்தால் இதே வினை அங்கே நடக்கும். கழிவறை கழுவும் ஆசிட்டுக்கும் இந்த எச்சரிக்கை உண்டு. சமையல் சோடாவை வினிகருடன் கலப்பதில் ஆபத்து இல்லை, ஆனால் பயனும் இல்லை. நுரை பொங்குவதைப் பார்த்து வேலை நடப்பதாக நினைக்கிறோம், உண்மையில் அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு கிட்டத்தட்ட உப்புநீர்தான் மிஞ்சுகிறது.

இப்போது சுவருக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என் கவனத்தை ஈர்த்த சொல், ‘அதே இடத்தில்’ என்பது. கட்டடப் பழுதுபார்ப்பில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கும் எனக்கு, பூஞ்சை எந்த இனம் என்பதை விட, அது துடைத்த பிறகு எந்த இடத்தில், எந்த வடிவத்தில் திரும்புகிறது என்பதே அதிகம் சொல்லும். பூஞ்சையின் வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் எப்போதும் மிதந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றுக்குத் தின்னத் தூசும், பெயிண்டில் உள்ள பசைப் பொருளும், மரத்தூளும் போதும். அவை எந்த வீட்டிலும் தாராளமாக உண்டு. இல்லாதிருக்கும்படி நம்மால் செய்ய முடிந்தது ஈரம் ஒன்றுதான். நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிப்பதில்லை. ஆகவே ஓரிடத்தில் அது மறுபடியும் வருகிறது என்றால், அந்த இடத்துக்குத் தண்ணீர் மறுபடியும் வருகிறது என்றே பொருள். நீங்கள் தெளித்த வினிகர் தவறானது அன்று. அது பூஞ்சையைத் துடைத்தது, தண்ணீரை நிறுத்தவில்லை.

உங்கள் அறையில் இருப்பவை இரண்டு வேறு நோய்கள் என்று கருதுகிறேன். பீரோவுக்குப் பின்னால் உள்ள கரும்புள்ளிகள் பூஞ்சை. குளியலறைச் சுவரின் அடியில் உதிரும் வெள்ளைப் பொடி பெரும்பாலும் பூஞ்சை அன்று, உப்பு. செங்கல்லிலும் காரையிலும் உள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு வரும் நீர், சுவரின் மேற்பரப்பில் ஆவியாகும்போது அவற்றை அங்கேயே விட்டுச் செல்கிறது. அதைத்தான் கொத்தனார்கள் உப்புப் பூத்தல் என்கிறார்கள். ஈர விரலால் தொட்டுப் பாருங்கள். நறநறவென்று இருந்து, நீரில் கரைந்து காணாமல் போனால் உப்பு. கறுப்பாகவோ பச்சையாகவோ விரலில் ஈஷினால் பூஞ்சை. உப்புக்கு வினிகர் மருந்தே அன்று. காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிட்டு, நீர் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டியதுதான்.

வடக்குச் சுவரில் பூஞ்சை வருவதற்கு ஒரு காரணம் நம் ஊரின் பருவத்திலேயே இருக்கிறது. சென்னைப் பகுதிக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் தருவது வடகிழக்குப் பருவமழை. அது காற்றோடு சேர்ந்து அடிக்கும்போது வீட்டின் வடக்குச் சுவரும் கிழக்குச் சுவரும்தான் சாரலை ஏற்கின்றன. அதே மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடக்குச் சுவருக்கு நேர் வெயில் கிடைப்பதில்லை. நனைவது முதலில், உலர்வது கடைசியில். அந்தச் சுவரை ஒட்டி ஓர் இரும்பு பீரோவை நிறுத்திவிட்டால், அதன் பின்னால் உள்ள காற்று மழைக்காலம் முழுவதும் அசையாமல் தேங்கி நிற்கிறது. வெளிப்பக்கம் சென்று அந்தச் சுவரை ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். சன்னலுக்கு மேலே உள்ள சன்ஷேடு சுவரோடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா, அதன்மேல் மழைநீர் தேங்குகிறதா, மொட்டைமாடித் தண்ணீரை இறக்கும் குழாய் இணைப்பில் கசிகிறதா, வெளிப்பூச்சில் பாசி கோடுபோல் இறங்கியிருக்கிறதா என்பவற்றைக் கவனித்து, தெரிவதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் கொத்தனாரிடம் காட்ட உதவும்.

ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து படிகிறதா என்று அறிய ஒரு எளிய சோதனை உண்டு. ஓரடிச் சதுரத்துக்குக் கெட்டியான பாலிதீன் தாளை வெட்டி, சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி டேப்பால் ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் இடையில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, தாளுக்கடியில் உள்ள சுவர் மட்டும் நிறம் கறுத்திருந்தாலோ, நீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. உள்ளே காய்ந்திருந்து, அறைப்பக்கம் மட்டும் தாள் ஈரமாக இருந்தால், அது காற்றின் ஈரம். பீரோவுக்குப் பின்னால் ஒன்றும் குளியலறைச் சுவரில் ஒன்றுமாக இரண்டு தாள் ஒட்டுங்கள். இரண்டும் ஒரே விடையைத் தராது என்பது என் எதிர்பார்ப்பு.

குளியலறைப் பக்கத்தில் என் சந்தேகம் முழுவதும் குழாயின்மேல்தான். 1994-இல் கட்டிய வீடுகளில் சுவருக்குள் பதித்தவை பெரும்பாலும் ஜி.ஐ. குழாய்கள், முப்பது ஆண்டுகளில் அவற்றின் துத்தநாகப் பூச்சு தேய்ந்து, இரும்பு உள்ளிருந்து அரித்திருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் குரோம்பேட்டையில் இதே போன்ற ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டு அம்மா ஞாயிறுதோறும் வினிகர் தெளித்துத் துடைத்துவந்தார். கறை ஒவ்வொரு முறையும் கவிழ்த்து வைத்த முறம் போன்ற அதே வடிவத்தில் திரும்பியது. வாஷ்பேசினுக்குக் கீழே இரண்டு டைல்ஸை எடுத்து, காரையை ஓர் அங்குலம் கொத்தியபோது, எல்போ இணைப்பில் குண்டூசி முனை அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. அதிலிருந்து நீர் பீய்ச்சவில்லை; ஒரு சொட்டு திரண்டு, தயங்கி, செங்கல்லுக்குள் உறிஞ்சப்பட்டது, பிறகு அடுத்த சொட்டு திரண்டது. அது ஒன்றுமில்லை என்று தோன்றலாம். நொடிக்கு ஒரு சொட்டு என்று கணக்கிட்டாலும் நாளொன்றுக்கு 4 லிட்டருக்கு மேல் சுவர் குடிக்கிறது. எத்தனை பாட்டில் வினிகர் அதற்கு ஈடாகும்?

உங்கள் வீட்டில் இதைச் சோதிக்க, இரவு எல்லோரும் படுத்த பின் மொட்டைமாடித் தொட்டியில் நீர்மட்டத்தைக் குறித்து வைத்து, அன்றிரவு மட்டும் கழிவறைக்குப் பக்கெட் தண்ணீரையே பயன்படுத்தி, விடிந்ததும் மட்டத்தைப் பாருங்கள். இறங்கியிருந்தால் அழுத்தத்தில் உள்ள குழாய் எங்கோ கசிகிறது. இறங்காவிட்டால் அடுத்த சந்தேகம் தரைமேல். தரைநீர் வடியும் நஹானி டிராப்பின் வாயைத் துணியால் அடைத்து, குளியலறைத் தரையில் ஓரங்குல உயரத்துக்கு நீரை ஒரு நாள் தேக்கி வைத்தால், டைல்ஸ் இடுக்கு வழியாகவோ டிராப்பைச் சுற்றியோ கசிவு இருக்கும்பட்சத்தில், படுக்கையறைப் பக்கம் ஈரக்கோடு சற்றே உயரும். அதைப் பென்சிலால் குறித்துவைத்தால் ஐயமின்றித் தெரியும். இரண்டிலும் ஒன்றும் தெரியவில்லை, வீட்டின் மற்றச் சுவர்களிலும் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு ஒரே மட்டமாக உப்புப் பூக்கிறது என்றால், அது நிலத்திலிருந்து ஏறும் ஓதம். அடித்தளத்துக்கு மேல் போட வேண்டிய ஈரத்தடுப்பு அடுக்கு இல்லை அல்லது கெட்டுவிட்டது. அந்த நிலை வேறு, செலவும் வேறு. உங்கள் கடிதத்தில் குளியலறைச் சுவரை மட்டுமே குறிப்பிட்டிருப்பதால் அது இல்லை என்றே நம்புகிறேன்.

வினிகர் எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பதற்கு இனி வருகிறேன். கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகர் என்பது நீரில் 4 முதல் 5 சதவீதம் வரை அசிட்டிக் அமிலம் கலந்த கரைசல். இது வலுக்குறைந்த அமிலம். அதனால்தான் பூஞ்சைக்கு எதிராக ஓரளவு வேலை செய்கிறது. பிரியாத அசிட்டிக் அமில மூலக்கூறுகள் பூஞ்சைச் செல்லின் உறையைக் கடந்து உள்ளே போய், அங்கே பிரிந்து, செல்லின் உட்புறத்தையே புளிக்கச் செய்து அதை முடக்குகின்றன. ஊறுகாயில் வினிகர் விட்டால் கெடாமல் இருப்பதும் இந்த வழியில்தான். ஆனால் எல்லாப் பூஞ்சையும் இதற்கு அடங்குவதில்லை. ஆய்வகச் சோதனையில் பெனிசிலியம் கிரைசோஜீனம் என்ற பூஞ்சையை வினிகர் தடுத்தது. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபூமிகேட்டஸ் என்ற, நுரையீரல் நோயாளிகளுக்கு அதிகக் கேடு செய்யும் பூஞ்சையின்மேல் அதற்குப் பலன் இல்லை. சுவரில் இருப்பது எது என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே வினிகரைப் பூஞ்சைக்கொல்லியாக நம்ப வேண்டாம், மென்மையான ஒரு துப்புரவுப் பொருளாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் மனத்தில் கொள்ளுங்கள்: செத்த பூஞ்சையும் ஒவ்வாமையைத் தூண்டும். கொன்றுவிட்டால் போதாது, துடைத்து வீட்டைவிட்டு வெளியேற்ற வேண்டும். தெளித்துவிட்டு அப்படியே விடுவது பாதி வேலை.

வினிகரை நீர் கலக்காமல் பயன்படுத்தலாம். ஆனால் சில மளிகைக் கடைகளில் சிறு பாட்டிலில் கிடைக்கும் அடர் அசிட்டிக் ஆசிட்டை வாங்கி அதிக வேகம் வேண்டும் என்று சுவரில் தெளிக்காதீர்கள். தோலையும் கண்ணையும் அது பொசுக்கிவிடும்.

வினிகர் கூடவே கூடாத இடங்கள் உங்கள் சாமான் அறையில் இருக்கின்றன. காணொளிகளில் வருபவை பெரும்பாலும் பெயிண்ட் அடித்த பலகைச் சுவர்களும் பீங்கான் டைல்ஸும். நம் வீடுகளின் சுண்ணாம்பும் கல்லும் அவற்றில் இல்லை. கடப்பா கல் என்பது சுண்ணாம்புப் பாறை. உபயோகமில்லாத ஓர் உடைந்த துண்டின்மேல் வினிகரை ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கண்ணை அருகில் கொண்டுபோனால் ஊசிமுனைக் குமிழிகள் எழுவது தெரியும். துடைத்த பிறகு, மினுமினுப்பான கறுப்புக் கடப்பா பரப்பில் காலணா அளவுக்கு ஒரு சாம்பல் நிற வட்டம் மங்கலாக நிற்கும். அது கறை அன்று; கல்லின் மேல்தோலே கரைந்துவிட்டது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது, பாலிஷ் போட்டால்தான் உண்டு. சலவைக்கல்லுக்கும், சலவைக்கல் சில்லுகளைப் பதித்த மொசைக் தரைக்கும் இதுவே கதி. படுக்கையறைத் தரை மொசைக்காக இருந்தால், சுவரைத் துடைக்கும்போது கீழே பழைய துணியை விரித்துக்கொள்ளுங்கள். கடப்பா தட்டுகளுக்குப் பாத்திரம் துலக்கும் சோப்பு நீரும் மென்மையான நாரும் போதும். நன்றாக அலசி, காயவைத்து, அதன் பிறகே சாமான்களை அடுக்க வேண்டும்.

சுண்ணாம்புச் சுவரில் வினிகர் அடிப்பது இன்னும் பெரிய தவறு, ஏனென்றால் அது நம் பக்கத்து ஆயுதத்தை நாமே மழுங்கடிப்பது. புதிதாக அடித்த சுண்ணாம்பு கடுமையான காரத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு 12-க்கு மேல் இருக்கும், அதில் பூஞ்சை முளைப்பது அரிது. நாளாக ஆகக் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி அது சாதாரணச் சுண்ணாம்புக்கல்லாக மாறிவிடுவதால் அந்தக் காரம் குறைந்துபோகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, சுவர் காய்ந்து, மார்கழிக் கடைசியில் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வழக்கத்தை அழகுக்காக மட்டும் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. மழையில் நனைந்த சுவருக்கு ஆண்டுக்கு ஒரு முறை காரத்தைத் திருப்பிக் கொடுக்கும் வேலையையும் அது செய்தது. வினிகர் அந்தக் காரத்தைத் தின்றுவிட்டு, மாவாக உதிரும் பரப்பை விட்டுச் செல்கிறது. சாமான் அறைச் சுவரை வெறும் நீர் தெளித்து நனைத்து, பூசணம் பிடித்த மேல் அடுக்கை ஈரத்தோடு சுரண்டி எடுத்து, சோப்பு நீரால் துடைத்து, காய்ந்த பிறகு நல்ல சுண்ணாம்பை இரண்டு கை அடித்துவிடுங்கள். சுண்ணாம்பு ஈரத்தைச் சுவருக்குள் அடைக்காமல் வெளியேற விடும் என்பதால், அந்த அறைக்குப் பிளாஸ்டிக் எமல்ஷன் அடிக்கச் சொல்லி யார் வற்புறுத்தினாலும் இசைய வேண்டாம் என்பது என் கருத்து. அடிக்கும்போது கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படுக்கையறைச் சுவர் எமல்ஷன் பெயிண்ட் என்று கருதி, அதைச் சுத்தம் செய்யும் முறையைச் சொல்கிறேன். மாமியாரும் மகனும் வீட்டில் இல்லாத ஒரு பகல் வேளையைத் தேர்ந்தெடுங்கள். பாதிக்கப்பட்ட பரப்பு மொத்தமாகப் பத்துச் சதுர அடிக்குள், அதாவது ஏறத்தாழ மூன்றடிக்கு மூன்றடிக்குள், இருந்தால் நீங்களே செய்யலாம். அதற்கு மேல் என்றால் ஆள் வைத்துச் செய்வதே நல்லது. என்-95 முகக்கவசம், ரப்பர் கையுறை, கண்ணாடி மூன்றும் வேண்டும். மின்விசிறியை நிறுத்துங்கள், அறைக்கதவைச் சாத்துங்கள், சன்னலைத் திறங்கள். பீரோவை நகர்த்தும்போதே தூசு கிளம்பும் என்பதால், எட்டும் இடமெல்லாம் முதலில் லேசாக நீர் தெளித்துவிடுங்கள். காய்ந்த பூஞ்சையைத் துடைப்பத்தால் தட்டுவதும் காய்ந்த துணியால் தேய்ப்பதும், ஒரு கையகல இடத்தில் இருந்த வித்துகளை அறை முழுவதும் விதைப்பதற்குச் சமம்.

முதல் வேலை சோப்பு நீர்தான், வினிகர் அன்று. துணிசோப்புத் தூள் கலந்த நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, கறையின் வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கித் துடையுங்கள். ஒரு மடிப்பு அழுக்கானால் அடுத்த மடிப்பு. அந்தத் துணியை மறுபடியும் அதே வாளியில் முக்காமல், அலச வேறொரு வாளி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வெற்று நீரில் துடைத்து, சோப்பு போன பின், வினிகரைக் கறை இருந்த இடத்திலும் சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்கும் தெளித்து, ஒரு மணி நேரம் விடுங்கள். ஓரத்தில் எங்காவது சிறிது தெளித்து, பெயிண்டின் நிறம் மங்குகிறதா என்று முன்னரே பார்த்துக்கொள்வது நல்லது. ஒரு மணி நேரம் கழித்து ஈரத் துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி, அதன் பிறகு மின்விசிறியை முழு வேகத்தில் சுவரைப் பார்த்து ஓடவிடுங்கள். வினிகர் வாடை சில மணி நேரத்தில் போய்விடும். பயன்படுத்திய துணிகளைப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள். கறுப்பு நிழல் போன்ற தடம் சிறிது மிஞ்சினால் வருந்த வேண்டாம். அது நிறம் மட்டுமே, பெயிண்டில் மறையும்.

பீரோவின் முதுகையும் இதே முறையில் துடைக்கலாம், ஆனால் இரும்பில் வினிகரைத் தங்கவிட்டால் துரு ஏறும். உடனே துடைத்து எடுங்கள். தேக்குமரக் கதவு, கட்டில் போன்றவற்றில் வினிகருக்குச் சம அளவு நீர் சேர்த்து, துணியில் நனைத்துத் துடைத்தால் போதும். பிளைவுட் உப்பி, அடுக்கு பிரிந்திருந்தால் அதைக் காப்பாற்ற முயல வேண்டாம். மழையில் நனைந்து பூசணம் பிடித்த இலவம்பஞ்சு மெத்தை, தலையணை ஆகியவற்றுக்குள் எதுவும் போய்ச் சேராது, அவற்றையும் கழித்துவிடுங்கள். மகன் அதில்தான் படுக்கிறான் என்றால் நாளைக்கே. பட்டுப் புடவையில் வினிகர் வேண்டாம், நிழலில் உலர்த்தி மென்மையான பிரஷ்ஷால் துலக்கினால் போதும். சாமான் அறை என்று எழுதியிருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: பூசணம் பிடித்த வேர்க்கடலையையோ கொப்பரையையோ வினிகரில் கழுவி வெயிலில் வைத்து மீண்டும் பயன்படுத்தும் பழக்கம் எந்த வீட்டிலும் கூடாது. அவற்றில் வளரும் ஒருவகைப் பூஞ்சை விடும் அஃப்லடாக்சின் என்ற நஞ்சு கல்லீரலைக் கெடுப்பது. கழுவினாலும் போகாது, வறுத்தாலும் முழுவதும் அழியாது.

அடுத்த மழைக்கு வராமல் தடுப்பது பற்றி இனிச் சொல்கிறேன். சன்னலை எப்போதும் திறந்து வையுங்கள் என்ற பொதுவான அறிவுரை குளிர்நாடுகளில் பிறந்தது. அங்கே வெளிக்காற்று குளிர்ந்தது, நீராவி குறைந்தது. உள்ளே வந்து சூடேறும்போது அது வீட்டை உலர்த்துகிறது. தாம்பரத்தில் கார்த்திகை மழை பெய்துகொண்டிருக்கும்போது வெளிக்காற்று தானே ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. அதை உள்ளே விட்டால் சுவர் உலராது. மழை பெய்யும்போது மூடி, மழைவிட்டு வெயில் அடிக்கும் நண்பகல் முதல் மூன்று மணி வரை, இரண்டு எதிர்ப்பக்கச் சன்னல்களைத் திறந்து, மின்விசிறியும் ஓடட்டும். சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதமானி ஒன்று கிடைக்கிறது; வாங்கி அந்த அறையில் மாட்டுங்கள். உள்ளே ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது என்பார்கள். ஏ.சி. அல்லது ஈரம் உறிஞ்சும் இயந்திரம் இல்லாமல் நவம்பரில் நம் கடற்கரை ஊர்களில் அதை எட்டுவது கடினம், ஆனால் காற்று அசைந்துகொண்டே இருந்தால் சுவரின் பரப்பாவது உலர்ந்திருக்கும். பீரோவைச் சுவரிலிருந்து நான்கு அங்குலமாவது தள்ளி வையுங்கள், முடிந்தால் தெற்குப் பக்க உட்சுவருக்கு மாற்றிவிடுங்கள். பாச்சை உருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சைக்கு அன்று.

வீட்டுக்குள் நாமே உண்டாக்கும் ஈரத்தைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. சமையல் எரிவாயு எரியும்போது நீராவி உண்டாகிறது, 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்து முடிவதற்குள் ஏறத்தாழ 22 லிட்டர் நீரை ஆவியாக வீட்டுக்குள் விடுகிறது, குக்கரிலிருந்தும் இட்லிப் பானையிலிருந்தும் எழும் ஆவி இதற்கு மேல். அடுக்களையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லையென்றால் பெயிண்டுக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் அதை வாங்கச் சொல்வேன். மழைநாளில் துணி காயப்போட வேறு இடமில்லாமல் படுக்கையறையில் கொடி கட்டும் வீடுகளை நிறையப் பார்க்கிறேன். துணியில் உள்ள நீர் முழுவதும் அறைக்காற்றுக்குத்தான் போகிறது, அங்கிருந்து பீரோவுக்குப் பின்னால். தவிர்க்க முடியாவிட்டால், யாரும் படுக்காத அறையில் விசிறிக்குக் கீழே காயப்போட்டு, அந்த அறைக்கதவைச் சாத்தி வையுங்கள்.

பெயிண்டர் சொல்வது தவறில்லை, காலம்தான் தவறு. கசிவை நிறுத்தாமல் பட்டி பார்த்தால் ஒரு மழைக்குள் அது பாளம் பாளமாக உரிந்து விழும். குழாயை மாற்றிய பிறகு, உப்பிய காரையை ஈரம் இல்லாத செங்கல் தெரியும் வரை கொத்தி, புதிதாகப் பூசி, குறைந்தது மூன்று நான்கு வாரம் காயவிட்டு, பாலிதீன் தாள் சோதனையை மறுபடியும் செய்து, தாள் காய்ந்திருந்தால் மட்டும் அவரை வரச் சொல்லுங்கள். பட்டிக்கு வெள்ளைச் சிமெண்ட் அடிப்படையிலானதைக் கேளுங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஈரம் பட்டால் இளகும். பழைய பெயிண்டைக் காய்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்க்க விடாதீர்கள். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதிகள் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முந்தைய அடுக்குகளில், குறிப்பாகக் கதவு, சன்னல் எனாமலில், ஈயம் இருக்கக்கூடும், அந்தத் தூள் குழந்தைகளுக்கு மிகவும் கெடுதல். நனைத்துச் சுரண்டச் சொல்லி, தூளைக் கூட்டாமல் ஈரத் துணியால் எடுக்கச் சொல்லுங்கள்.

மாமியாரையும் மகனையும் இந்த வேலைகள் முடியும் வரை வேறு அறையில் படுக்க வையுங்கள். எந்தச் சுவர் வேலைக்கும் காத்திராமல் இன்றிரவே செய்யக்கூடியது அது ஒன்றுதான். அம்மாவை நெஞ்சகநோய் மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது, படுக்கையறைச் சுவரில் பூஞ்சை இருக்கிறது என்பதையும், எந்த மாதங்களில் வீசிங் கூடுகிறது என்பதையும் நீங்களே சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரிய வழியில்லை. பையனுக்கு விடியற்காலையில் தும்மலோ இருமலோ இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பாலிதீன் தாள் இரண்டையும் இந்த வாரமே ஒட்டிவிட்டு, தொட்டியின் நீர்மட்டத்தையும் ஓரிரவு பார்த்து எழுதுங்கள். குளியலறைச் சுவரின் படம் ஒன்றும், எந்தக் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரிந்தவரை வரைந்த ஒரு படமும் சேர்த்து அனுப்பினால், எந்த டைல்ஸிலிருந்து கொத்தத் தொடங்கலாம் என்று பிளம்பரிடம் சொல்லும் அளவுக்கு என்னால் குறிப்பிட்டுச் சொல்ல முடியும்.